சைக்காலஜி ப்ராஜெக்ட்டுக்கு கூகுள் ஃபார்ம் மட்டும் போதாது: ஒரு சின்ன மெமரி எக்ஸ்பெரிமெண்ட்டை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பண்றது எப்படி

பி.எஸ்சி., எம்.எஸ்சி. சைக்காலஜி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா நம்ம காலேஜ்கள்ல பெரும்பாலும் நடக்கறது இதுதான்: ரெண்டு ஸ்கேல் எடுப்பாங்க, ஒண்ணு செல்ஃப் எஸ்டீம், இன்னொண்ணு ஸ்ட்ரெஸ் இல்லன்னா சோஷியல் மீடியா அடிக்‌ஷன், ரெண்டையும் கூகுள் ஃபார்ம்ல போட்டு வாட்ஸ்அப் குரூப் குரூப்பா அனுப்பி ப்ளீஸ் ஃபில் பண்ணுங்கன்னு கெஞ்சி, நூறு ரெஸ்பான்ஸ் வந்ததும் எஸ்.பி.எஸ்.எஸ்.ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல கோரிலேஷன், அதாவது ரெண்டு ஸ்கோரும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குதுங்கற கணக்கு, போட்டு பைண்டிங்குக்கு குடுத்துடுவாங்க. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ மனசு, நடத்தை, கற்றல்னு படிச்சவங்க கடைசியில ஒருத்தரோட நடத்தையைக் கூட நேர்ல பாக்காமலே டிகிரி வாங்கிட்டுப் போறாங்க. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் உண்டு, ஏன்னா ஒரு நல்ல எக்ஸ்பெரிமெண்ட் பண்றதுக்கு பெரிய லேப் எதுவும் வேணாம், பேப்பர், பேனா, செல்போன்ல ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கிளாஸ் ரூம் போதும்.

சர்வேயே தப்புன்னு நான் சொல்லல. ஆனா மனுஷங்க தன்னைப் பத்தி சொல்றதும் அவங்க நிஜமா பண்றதும் பல நேரம் ஒத்துப் போகாது. நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு பேர் 1977ல எழுதின கட்டுரையில ஒரு சோதனை வரும், கடையில நாலு ஜோடி நைலான் ஸ்டாக்கிங்ஸ் வரிசையா வெச்சு எது நல்ல தரம்னு கேட்டாங்க, நாலுமே ஒரே சரக்குதான், ஆனா நிறைய பேர் வலது ஓரத்துல இருந்ததைத்தான் எடுத்தாங்க. ஏன் எடுத்தீங்கன்னு கேட்டப்ப யாரும் அது வைக்கப்பட்ட இடத்தைக் காரணமா சொல்லவே இல்ல. அதனால ஒருத்தர்கிட்ட "நீங்க எப்படி படிப்பீங்க, எது உங்களுக்கு நல்லா மனசுல நிக்குது"ன்னு ஃபார்ம்ல கேட்டு வாங்கற பதிலை வெச்சு கற்றலைப் பத்தி முடிவு சொல்றது ரொம்ப ஆபத்து. படிக்க வெச்சு, நாள் கழிச்சு, என்ன ஞாபகம் இருக்குன்னு அளந்து பாக்கணும்.

அதுக்கு நான் எல்லாருக்கும் முதல்ல சொல்ற டாபிக் ஒண்ணு இருக்கு: திரும்பத் திரும்பப் படிக்கறது நல்லதா, இல்ல புத்தகத்தை மூடிட்டு எழுதிப் பாக்கறது நல்லதா? இதுல ரோடிகர், கார்ப்பிக்கி ரெண்டு பேரும் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கற வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸை வெச்சு பண்ணி 2006ல வெளியிட்ட ஸ்டடி நம்ம கிளாஸ் ரூம்ல அப்படியே திரும்பப் பண்ணக்கூடிய மாதிரி இருக்கு. சூரியனைப் பத்தி ஒரு சின்ன பத்தி, கடல் நீர்நாயைப் பத்தி ஒண்ணு. முதல் எக்ஸ்பெரிமெண்ட்ல 120 பேர், ஒவ்வொருத்தரும் ஒரு பத்தியை ரெண்டு தடவை படிச்சாங்க, இன்னொரு பத்தியை ஒரு தடவை படிச்சுட்டு அடுத்த தடவை பாக்காம எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப ரெண்டு தடவை படிச்ச பத்திதான் ஜெயிச்சுது, 81 சதவீதம், எழுதிப் பாத்தது 75. ரெண்டு நாள் கழிச்சு கேட்ட குரூப்ல அப்படியே தலைகீழ், 54க்கு 68. ஒரு வாரம் கழிச்சு 42க்கு 56.

ரெண்டாவது எக்ஸ்பெரிமெண்ட் இன்னும் அழகு. ஒரு குரூப் நாலு ரவுண்டும் படிச்சுது, ஒரு ரவுண்டுக்குள்ளயே பல தடவை படிக்கலாம்ங்கறதால மொத்தத்துல சராசரியா பத்தியை 14.2 தடவை படிச்சிருந்தாங்க. இன்னொரு குரூப் ஒரே ரவுண்டு படிச்சுட்டு மூணு ரவுண்டு எழுதிப் பாத்தாங்க, அவங்க படிச்சது வெறும் 3.4 தடவை. ஒரு வாரம் கழிச்சு முதல் குரூப்புக்கு 40 சதவீதம், ரெண்டாவது குரூப்புக்கு 61. ஆனா அடுத்த வாரம் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்னாடியே கேட்டப்ப நம்பிக்கையா சொன்னது நாலு ரவுண்டும் படிச்சவங்கதான்! நான் மேல சொன்ன விஷயம் இங்க நம்பராவே தெரியுது, ஃபார்ம் மட்டும் குடுத்திருந்தா இந்த ஸ்டடி தப்பான முடிவுக்குத்தான் போயிருக்கும். இதே கார்ப்பிக்கி, பட்லர், ரோடிகர் 2009ல 177 காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட எப்படி படிக்கறீங்கன்னு கேட்டப்ப 84 சதவீதம் பேர் திரும்பப் படிப்போம்னு சொன்னாங்க, எழுதிப் பாப்போம், ஞாபகப்படுத்திப் பாப்போம்னு சொன்னது சுமார் 11 சதவீதம்தான்.

இதை எடுத்துட்டு கைடுகிட்ட போனா முதல்ல வர்ற கேள்வி "இது ஏற்கனவே பண்ணதுதானே, புதுசா என்ன இருக்கு"ங்கறது. அதுக்கு பதிலை ரெடியா வெச்சுக்கோங்க. 2015ல நூத்துக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 100 சைக்காலஜி ஸ்டடிகளைத் திரும்பப் பண்ணாங்க, அசல் கட்டுரைகள்ல 97 சதவீதம் சிக்னிஃபிகண்ட், அதாவது தற்செயல்னு சுலபமா ஒதுக்க முடியாத முடிவு, திரும்பப் பண்ணப்ப 36 சதவீதம்தான் சிக்னிஃபிகண்ட். அதுக்கப்புறம் ஒரு ஸ்டடியை ஒழுங்கா திரும்பப் பண்றதும் முழு ஆராய்ச்சிதான்னு இந்தத் துறையே ஏத்துக்கிச்சு. அடுத்தது, ஹென்ரிக்கும் அவர் கூட எழுதினவங்களும் 2010ல எடுத்துக் காட்டின விஷயம்: பெரிய சைக்காலஜி ஜர்னல்கள்ல வர்ற சாம்பிள்ல 96 சதவீதம் உலக மக்கள்தொகையில 12 சதவீதமே இருக்கற நாடுகள்ல இருந்து வந்தது. நம்ம ஊர் பசங்க தமிழ்ல படிச்சு தமிழ்ல எழுதி அதே ரிசல்ட் வருதான்னு பாக்கறது வீண் வேலை இல்ல, தேவையான வேலை.

சரி, டிசைனுக்கு வருவோம். நிறைய பேர் உடனே ஏ செக்‌ஷனைப் படிக்க வெச்சு பி செக்‌ஷனை எழுத வெச்சுடலாம்னு கிளம்பிடுவாங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஏ செக்‌ஷன்ல மார்க் அதிகம் வாங்கினவங்களைப் போட்டிருக்கலாம், பி செக்‌ஷனுக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நடத்தியிருக்கலாம், வித்தியாசம் வந்தா எதனால வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரையும் ரெண்டு விதத்துலயும் பண்ண வைங்க, ஒரு பத்தியைத் திரும்பப் படிக்கட்டும், இன்னொண்ணை எழுதிப் பாக்கட்டும், அப்போ ஒருத்தரை அவரோடவே ஒப்பிடறோம். ஆள் கணக்கும் பாதிக்கு மேல குறையும். மீடியம் சைஸ் எஃபெக்ட், அதாவது வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு சொல்ற கோஹன் டிங்கற அளவு 0.5 இருக்கும்னு வெச்சு, 80 சதவீத பவர்ல (நிஜமா வித்தியாசம் இருந்தா அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு) கணக்குப் போட்டா தனித்தனி குரூப்புன்னா ஒரு குரூப்புக்கு 64 பேர், மொத்தம் 128 வேணும், ஒரே ஆள் ரெண்டும் பண்ணா 34 பேர் போதும். ஜெர்மனியில டுசல்டார்ஃப் யுனிவர்சிட்டி இலவசமா தர்ற ஜி-பவர்ங்கற சாஃப்ட்வேர்ல இந்தக் கணக்கை ஒரு நிமிஷத்துல போடலாம், அந்த ஸ்கிரீனை அப்படியே ரிப்போர்ட்ல சேருங்க, "சாம்பிள் சைஸ் எப்படி முடிவு பண்ணீங்க"ன்னு வைவாவுல கேட்டா திணற வேண்டி வராது. ரெண்டாவது வாரம் கண்டிப்பா சில பேர் வர மாட்டாங்க, அதனால 48 பேரைக் குறி வைங்க.

ஏன் 48னா நாலால வகுபடணும். ஆமை பத்தி, தேனீ பத்தின்னு ரெண்டு பத்தி இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆமையைப் படிச்சு தேனீயை எழுதறவங்க பாதி, தேனீயைப் படிச்சு ஆமையை எழுதறவங்க பாதி, இல்லன்னா ஆமை பத்தியே சுலபமா இருந்துட்டா உங்க ரிசல்ட் போச்சு. அதே மாதிரி முதல்ல படிக்கற வேலை வர்றவங்க பாதி, முதல்ல எழுதற வேலை வர்றவங்க பாதி. ரெண்டு ரெண்டு நாலு வெர்ஷன், ஒவ்வொண்ணுலயும் 12 பேர். யார் எந்த வெர்ஷன்ங்கறது சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் முடிவாகணும், ரோல் நம்பர் வரிசையிலயோ பெஞ்சு வரிசையிலயோ குடுத்துடாதீங்க, முதல் பெஞ்சுல உக்காரறவங்களும் கடைசி பெஞ்சுல உக்காரறவங்களும் ஒரே மாதிரி இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ முக்கியமான வேலை, பத்தி எழுதறது. இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும், ஆனா பெரும்பாலான பேர் இதைத்தான் ஒரு ராத்திரியில முடிச்சுடறாங்க. ரெண்டு பத்தியும் கிட்டத்தட்ட ஒரே நீளம் இருக்கணும், ஒவ்வொண்ணுலயும் 30 தகவல் இருக்கற மாதிரி எழுதுங்க, மூலத்துலயும், அதாவது ரோடிகர், கார்ப்பிக்கி ஸ்டடியிலயும், 30தான். டாபிக் யாருக்கும் முன்னாடியே நல்லா தெரிஞ்சதா இருக்கக் கூடாது, தூத்துக்குடி காலேஜ்ல உப்பளத்தைப் பத்தி பத்தி குடுத்தா பாதிப் பேர் படிக்காமலே எழுதிடுவாங்க. வகுப்புப் பாடத்துல இருந்தும் எடுக்காதீங்க.

ஆமை பத்தியில இப்படி ஒரு வரி வருதுன்னு வெச்சுக்கோங்க: "பெண் ஆலிவ் ரிட்லி ஆமை இரவில் கரைக்கு வந்து, பின் துடுப்புகளால் மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்." இதை ஸ்கோர் பண்றதுக்கு துண்டு துண்டாப் பிரிக்கணும். கரைக்கு வர்றது பெண் ஆமை, ஒண்ணு. வர்றது ராத்திரி, ரெண்டு. பின் துடுப்பால தோண்டும், மூணு. தோண்டறது மணல்ல, நாலு. நூறு முட்டை கிட்ட இடும், அஞ்சு. குழியை மூடும், ஆறு. கடலுக்குத் திரும்பிடும், ஏழு. ஒருத்தர் "ஆமை நைட்ல பீச்சுக்கு வந்து குழி தோண்டி நூறு முட்டை போட்டுட்டு போய்டும்"னு எழுதியிருந்தா எத்தனை குடுப்பீங்க? ராத்திரி உண்டு, நூறு முட்டை உண்டு, திரும்பிப் போறது உண்டு, பெண் ஆமைன்னு சொல்லல, துடுப்பு இல்ல, மூடினது இல்ல, பீச்சுன்னு சொன்னதுல மணல் அடங்குமா? இந்த மாதிரி கேள்வி எல்லாத்துக்கும் டேட்டா வர்றதுக்கு முன்னாடியே விடை எழுதி ஒரு ஸ்கோரிங் கீ தயார் பண்ணணும். நான் பீச்சுக்கு மணல் மார்க் தர மாட்டேன், நீங்க தரலாம், எதுவா இருந்தாலும் 48 பேருக்கும் ஒரே நியாயம் இருக்கணும்.

நம்ம ஊருக்குன்னே இதுல ஒரு விஷயம் இருக்கு. பத்தி எழுத்துத் தமிழ்ல இருக்கும், எழுதறவங்க பேச்சுத் தமிழ்ல எழுதுவாங்க, நடுவுல இங்கிலீஷ் வார்த்தை வரும், சில பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதுவாங்க. இது எல்லாத்துக்கும் முழு மார்க் உண்டுன்னு கீயில போடுங்க, பேப்பர்லயும் மேல கொட்டை எழுத்துல போடுங்க: ஞாபகம் இருக்கறதையெல்லாம் எழுதுங்க, வரிசை முக்கியம் இல்ல, எழுத்துப்பிழை முக்கியம் இல்ல, எந்த மாதிரி வேணும்னாலும் எழுதலாம். இல்லன்னா நீங்க மெமரியை அளக்கல, தமிழ் நல்லா எழுதத் தெரியுமான்னு அளந்துட்டு இருக்கீங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு தமிழ் வேகமா படிக்க வராதவங்க கிளாஸ்ல நிறைய இருந்தா பத்தியை இங்கிலீஷ்லயே வைங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே மொழி. போன்ல டைப் பண்ண விடாதீங்க, டைப்பிங் வேகம் ஆளாளுக்கு மாறும், அதோட மேல நோட்டிஃபிகேஷன் வந்துட்டே இருக்கும்.

பத்தி ரெடியானதும் நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸை வெச்சு ஒரு பைலட், அதாவது ஒத்திகை. ஏழு நிமிஷத்துல ரெண்டு தடவையாவது நிதானமா படிக்க முடியுதான்னு பாருங்க, எழுதினப்ப எல்லாருமே 30க்கு 28ன்னு வந்தா பத்தி ரொம்ப சுலபம், எல்லாருமே 6, 7ன்னா ரொம்ப கஷ்டம், ரெண்டு பக்கமும் வித்தியாசம் தெரியறதுக்கு இடமே இருக்காது. பைலட்ல வந்தவங்களை மெயின் ஸ்டடியில சேர்க்காதீங்க.

அடுத்து எதிக்ஸ். இதை ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கற சடங்கா நினைக்கறவங்க நிறைய பேர், ஆனா உங்க முன்னாடி உக்காந்திருக்கறது உங்களை நம்பி நேரம் குடுத்த மனுஷங்க. காலேஜ்ல எதிக்ஸ் கமிட்டி இருந்தா ப்ரபோசல் முன்னாடியே குடுங்க, டேட்டா எடுத்துட்டு அனுமதி கேக்கறது அனுமதியே இல்ல. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு பெற்றோரோட சம்மதமும் வேணும், அவங்களோட ஒப்புதலும் வேணும். ப்ளஸ் டூ முடிச்சு நேரா வந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்கள்ல 17 வயசுக்காரங்க கணிசமா இருப்பாங்க, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. செகண்ட் இயர், தேர்ட் இயர்ல எடுத்தா இந்தச் சிக்கல் வராது, ஆனாலும் பிறந்த தேதியைக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

வேண்டாம்னு சொல்ற சுதந்திரம் நிஜமாவே இருக்கணும். கிளாஸ் எடுக்கற மேடம் மேல நின்னு "எல்லாரும் பண்ணுங்க"ன்னு சொன்னா அது சம்மதம் இல்ல. மேடத்தை மரியாதையா வெளிய இருக்கச் சொல்லுங்க, கலந்துக்காதவங்க இன்டெர்னல் மார்க்குக்கு எந்தப் பாதிப்பும் இல்லன்னு எழுத்துல குடுங்க, நடுவுல எழுந்து போகலாம்னு வாயாலயும் சொல்லுங்க.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். டிப்ரெஷன் ஸ்கேலை ஃபார்ம்ல போட்டு பேர் தெரியாத நூறு பேருக்கு அனுப்பற ப்ராஜெக்ட் வருஷா வருஷம் வருது. பி.எச்.க்யூ-9ங்கற டிப்ரெஷன் ஸ்கேல்ல ஒன்பதாவது கேள்வியே செத்துடலாம்னு தோணுதா, தன்னைக் காயப்படுத்திக்கத் தோணுதாங்கறதுதான். யாராவது "தினமும்"னு டிக் பண்ணா நீங்க என்ன பண்ணுவீங்க? ரெண்டு வாரம் கழிச்சு எக்ஸெல்ல பாத்துட்டு ஒரு நம்பரா கூட்டிடுவீங்களா? அதுக்கான ஏற்பாடு, கவுன்சலர், அவங்களைத் தொடர்பு கொள்ற வழி, எல்லாம் தயாரா இல்லாம அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கு நமக்கு உரிமை இல்ல. ஸ்டூடண்ட் லெவல்ல முதல் ஆராய்ச்சிக்கு இது வேண்டவே வேண்டாம். எந்த ஸ்டடியா இருந்தாலும் கடைசியில குடுக்கற தாள்ல காலேஜ் கவுன்சலர் எங்க இருப்பாங்கன்னும், டெலி மானஸ் 14416 நம்பரையும் போட்டுடுங்க, அரசாங்கம் 2022ல ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண் அது.

டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி திட்டத்தை எழுதி தேதியோட பூட்டி வைக்கணும், ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்னு பேர். ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்ங்கற தளத்துல இலவசமா பண்ணலாம். உங்க ஹைப்பாத்தசிஸ் என்ன, எத்தனை பேர், எந்த ஸ்கோரை எந்த டெஸ்ட்ல ஒப்பிடப் போறீங்க, யாரை எதனால நீக்குவீங்க, இவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். 2011ல சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூணு பேரும், டேட்டா வந்தப்புறம் எதை வேணா சேர்க்கலாம் நீக்கலாம்னு சுதந்திரம் இருந்தா நடக்கவே முடியாத முடிவைக் கூட சிக்னிஃபிகண்ட்டா காட்டிடலாம்னு பண்ணியே காட்டினாங்க, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவங்களோட வயசே குறைஞ்சுடுச்சுங்கற மாதிரி ஒரு முடிவு! ப்ரீ-ரெஜிஸ்டர் பண்ணிட்டா அந்த ஆசை நமக்கே வராது.

இனி செஷன் நடத்தறது. முதல்ல காலண்டரைப் பாருங்க, இன்டெர்னல் வாரம், பொங்கல் லீவு, கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே எதுவும் ரெண்டாவது செஷன் நாள்ல விழக்கூடாது. சரியா ஏழு நாள் கழிச்சு அதே கிழமை, அதே பீரியட், அதே ரூம். ஒரே வெர்ஷன்காரங்க 12 பேரை ஒரு பேட்ச்சா கூப்பிடுங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கறவன் எழுதறதைப் பாத்து படிக்கறவன் குழம்புவான். பேட்ச் பேட்ச்சா பண்ணா ஏ செக்‌ஷன் பி செக்‌ஷன் பிரச்சனை திரும்ப வராதான்னு கேப்பீங்க. ஒவ்வொருத்தரோட ரெண்டு ஸ்கோரும் ஒரே பேட்ச்சுக்குள்ளயே இருக்கறதால பேட்ச்சுக்கு பேட்ச் மூட் மாறினாலும் அது ரெண்டு பக்கமும் சமமா விழும்.

முதல் பத்தி ஏழு நிமிஷம் படிக்கட்டும். ரெண்டு நிமிஷம் பெருக்கல் கணக்கு, இது இல்லன்னா மனசுல சொல்லிட்டே உக்காந்திருப்பாங்க. அப்புறம் ஏழு நிமிஷம், வெர்ஷனைப் பொறுத்து திரும்பப் படிக்கணும், இல்ல வெள்ளைத்தாள்ல எழுதணும். எழுதினதுக்கு சரி தப்பு சொல்லாதீங்க, மூலத்துலயும் சொல்லல, சொன்னா அது வேற ஸ்டடி. மறுபடி ரெண்டு நிமிஷம் கணக்கு, அப்புறம் ரெண்டாவது பத்திக்கும் இதேதான். கடைசியில ஒரே ஒரு கேள்வி ஒவ்வொரு பத்திக்கும்: அடுத்த வாரம் இது எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு நினைக்கறீங்க, 1ல இருந்து 7க்குள்ள. இந்த ஒத்தைக் கேள்விதான் உங்க ப்ராஜெக்ட்டோட ரெண்டாவது அத்தியாயம், நம்பிக்கையும் நிஜமும் எங்க பிரியுதுன்னு காட்டும். சம்மதம் வாங்கறது எல்லாம் சேர்த்து ஒரு பீரியட்ல முடிஞ்சுடும். பத்தித் தாள்களை எண்ணித் திரும்ப வாங்குங்க, ஒருத்தர் போன்ல போட்டோ எடுத்து குரூப்ல போட்டா அந்த பேட்ச் மட்டுமில்ல, மிச்ச பேட்ச்சும் போச்சு.

நீங்க பேசறது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரே மாதிரி இருக்கணும், எழுதி வெச்சுட்டு அப்படியே வாசிங்க. ரோசந்தாலும் ஃபோடும் 1963ல வெளியிட்ட ஸ்டடியில ஸ்டூடண்ட்ஸுக்கு சாதாரண எலிகளைக் குடுத்து சில பேர்கிட்ட இது புத்திசாலி வகை, சில பேர்கிட்ட இது மந்த வகைன்னு சொன்னாங்க, எலி எல்லாம் ஒண்ணுதான், ஆனா புத்திசாலின்னு நம்பினவங்களோட எலிகள் மேஸ்ல நல்லா பண்ணுச்சு. நம்ம எதிர்பார்ப்பு எலிக்கே போய்ச் சேருதுன்னா கிளாஸ்மேட்டுக்கு சேராதா? எழுதற வேலையை அறிவிக்கறப்ப ஒரு உற்சாகம், படிக்கற வேலையை அறிவிக்கறப்ப ஒரு சலிப்பு குரல்ல வந்தாலே போதும், கெட்டுடும்.

ரெண்டாவது செஷன்ல ரெண்டு பத்தியையும் ஞாபகத்துல இருந்து எழுதச் சொல்லுங்க, பத்திக்கு பத்து நிமிஷம். நடுவுல இந்த டாபிக்கைப் பத்தி எங்கயாவது படிச்சீங்களான்னு ஒரு கேள்வி. படிச்சேன்னு சொன்னவங்களை நீக்கறதா வேணாமான்னு ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்லயே எழுதியிருப்பீங்க, அதன்படி போங்க.

ஸ்கோர் பண்ணறவங்களுக்கு எது படிச்ச பத்தி, எது எழுதின பத்தின்னு தெரியக்கூடாது. பேர் இல்லாம கோடு நம்பர் மட்டும் போட்டு, நாலு வெர்ஷன் தாளையும் கலைச்சுட்டு, உங்க ஃப்ரெண்ட் ஒருத்தரும் நீங்களும் தனித்தனியா திருத்துங்க. ரெண்டு பேர் மார்க்கும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு ஒரு கோரிலேஷன் போடுங்க, 0.9 கிட்ட வந்தா கீ நல்லா இருக்கு, 0.6ன்னா கீயில எங்கயோ ஓட்டை, உக்காந்து பேசி கீயைத் திருத்தி எல்லாத்தையும் முதல்ல இருந்து திருத்துங்க. இது அலுப்பான வேலை, ஆனா மத்தவங்க ப்ராஜெக்ட்டுக்கும் உங்களோடதுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

அனாலிசிஸ் பத்தி பயப்படாதீங்க. ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டியில உருவான ஜாஸ்ப், இல்லன்னா ஜமோவி, ரெண்டும் இலவச புள்ளிவிவர சாஃப்ட்வேர், கிராக் பண்ண எஸ்.பி.எஸ்.எஸ். தேட வேணாம். ஒவ்வொருத்தருக்கும் எழுதின பத்தி ஸ்கோர்ல இருந்து படிச்ச பத்தி ஸ்கோரைக் கழிங்க. உதாரணத்துக்கு ஒருத்தர் 17, 13ன்னா வித்தியாசம் 4. அந்த வித்தியாசங்களை முதல்ல ஒரு படமா போட்டு கண்ணால பாருங்க, எத்தனை பேருக்கு ப்ளஸ், எத்தனை பேருக்கு மைனஸ், ஒருத்தர் மட்டும் ஏன் மைனஸ் 15ல தனியா நிக்கறார், டைப்பிங் தப்பா? அப்புறம் ஒரே ஆளோட ரெண்டு ஸ்கோரை ஒப்பிடற பேர்டு டி டெஸ்ட், சராசரி வித்தியாசம், நிஜ வித்தியாசம் எந்த எல்லைக்குள்ள இருக்கலாம்னு காட்டற 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டெர்வல், கோஹன் டி. பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லன்னா இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) மட்டும் எழுதிட்டு நிறுத்தாதீங்க, "எழுதிப் பாத்த பத்தியில சராசரியா இத்தனை தகவல் அதிகம்"னு எழுதினாத்தான் படிக்கறவங்களுக்குப் புரியும்.

சிக்னிஃபிகண்ட்டா வரலன்னா? அழாதீங்க, மாத்தாதீங்க, "ஹைப்பாத்தசிஸ் ஃபெயில்"னும் எழுதாதீங்க. பி வேல்யூ 0.05க்கு மேலன்னா எஃபெக்ட் இல்லன்னு அர்த்தம் ஆயிடாது, இந்த டேட்டாவை வெச்சு உறுதியா சொல்ல முடியலன்னுதான் அர்த்தம். இன்டெர்வல் எங்க இருந்து எங்க வரைக்கும் போகுதுன்னு பாத்து, மூலத்துல வந்த வித்தியாசம் அதுக்குள்ள விழுதான்னு சொல்லுங்க. முதல் செஷன்லயே பாதிப் பேர் 30க்கு 8 தான் எழுதியிருந்தாங்கன்னா ஒரு காரணம் தெரியும், எழுதிப் பாக்கறப்ப வந்ததுதான் மனசுல பதியும், வராதது பதியாது. மீடியம், ஊர், மார்க்னு பிரிச்சுப் பிரிச்சு பாக்க ஆசையா இருந்தா பாருங்க, ஆனா அது முன்னாடி திட்டமிடாததுன்னு தனித் தலைப்புல வெளிப்படையா போடுங்க.

ஆளுங்களை ரெண்டாவது தடவை கூப்பிடவே முடியாதுங்கற காலேஜா இருந்தா ஸ்ட்ரூப் டாஸ்க் பண்ணுங்க. சிவப்புங்கற வார்த்தையை நீல மையில அச்சடிச்சு மையோட கலரைச் சொல்லச் சொல்றது. ரிட்லி ஸ்ட்ரூப் 1935ல வெளியிட்ட அந்த ஆராய்ச்சியே அவரோட டாக்டரேட் வேலைதான், ஸ்டூடண்ட் வேலைன்னு யாரும் குறைச்சு நினைக்க வேணாம். தமிழ் வார்த்தை அட்டை, இங்கிலீஷ் வார்த்தை அட்டை ரெண்டையும் ஒரே ஆளுக்குக் குடுத்து எந்த மொழி வார்த்தை கலர் சொல்றதை அதிகம் தடுக்குதுன்னு பாத்தா நல்ல கேள்வி, ஒரே உக்காரல்ல முடிஞ்சுடும். அதே நேரத்துல விஷுவல் லேர்னர், ஆடிட்டரி லேர்னர்னு பிரிக்கற கொஸ்டினேர் பக்கம் போகாதீங்க, 2008ல பாஷ்லர் குழு அந்த ஆராய்ச்சியெல்லாம் அலசிப் பாத்து, ஆளுக்கு ஏத்த ஸ்டைல்ல சொல்லிக் குடுத்தா நல்லா கத்துக்குவாங்கங்கறதுக்கு போதிய ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க, ஆனாலும் நம்ம பி.எட். டிசர்டேஷன்ல இன்னும் அது ஓடிட்டு இருக்கு.

ரிப்போர்ட்ல மெத்தட் பகுதியை மட்டும் கூடுதல் கவனமா எழுதுங்க. உங்களுக்குத் தெரியாத ஒருத்தர் வேற காலேஜ்ல அதை மட்டும் படிச்சு அப்படியே திரும்பப் பண்ண முடியணும், பத்தி ரெண்டும், ஸ்கோரிங் கீயும், நீங்க வாசிச்ச இன்ஸ்ட்ரக்‌ஷனும் பின்னிணைப்புல முழுசா இருக்கணும். எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க, எத்தனை பேர் ரெண்டாவது வாரம் வரல, எத்தனை பேரை ஏன் நீக்கினீங்க, எல்லா நம்பரும் கூட்டினா சரியா வரணும், எக்ஸாமினர் முதல்ல கூட்டிப் பாக்கறது இதைத்தான். முந்தைய ஆராய்ச்சிகளை எழுதறப்ப கட்டுரையைத் திறந்து படிச்சு உங்க வார்த்தையில எழுதுங்க, யு.ஜி.சி. 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல ஒத்துப் போனா கேள்வி வரும், அது இருக்கட்டும், படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டறது படிக்கறவங்களை ஏமாத்தற வேலை.

கடைசி பேட்ச் முடிஞ்சப்புறம், அதுக்கு முன்னாடி இல்ல, கலந்துக்கிட்ட எல்லாருக்கும் ரிசல்ட்டை ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க. எதுக்காக இதைப் பண்ணோம், என்ன வந்துது, அவங்க ஊகிச்சதும் நிஜமா வந்ததும் எவ்வளவு தள்ளி இருந்துது, எல்லாம் எளிமையா இருக்கட்டும், தனி ஆள் மார்க் எதுவும் வேணாம். பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி இது அவங்க கைக்குப் போற மாதிரி தேதியைத் திட்டமிட்டா அவங்களுக்கும் உபயோகம். கோடு நம்பரையும் பேரையும் இணைக்கற அந்த ஒரு தாளை மட்டும் தனியா டிபார்ட்மெண்ட் பீரோவுல வெச்சு, மார்க் வந்தப்புறம் கிழிச்சுப் போட்டுடுங்க, பேர் இல்லாத டேட்டா ஃபைலை ப்ரீ-ரெஜிஸ்டர் பண்ண அதே பக்கத்துல ஏத்திடுங்க, அடுத்த வருஷ ஜூனியர் அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.